மூன்றாவது சிலிண்டரின் சத்தம்

போடிநாயக்கனூரில் ஆரோக்கியம் என்று ஒரு எஞ்சின் மேஸ்திரி இருந்தார். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளின் எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கட்டுவது அவர் வேலை. அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் உடனே வராது. சில சமயம் மறுநாள் வரும்.

அவர் பட்டறைக்கு விருமாயி ஒரு ஜீப்பை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். அவரைவிட எட்டு வயது மூத்தவள். மலைமேல் நெல்லிப்பாறையில் வீடு. அவள் புருஷன் சென்றாயன்தான் அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனான். அதற்கு முன்பே எஞ்சின் புகைத்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் எடுப்பு முடியட்டும், பிரித்துவிடலாம் என்று தள்ளிப் போட்டிருந்தான். இப்போது எஞ்சின் பிடிக்கவே இல்லை.

"யாரு ஓட்டப் போறா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"நான்தான். லைசென்ஸ் இருக்கு. அவரு எடுக்க வச்சாரு. எங்க ஊருக்கு வேற ஜீப்பு வர்றதில்ல தம்பி. ரோடு அப்படி. சனங்க மூட்டையத் தலையில வச்சு நடக்குது."

"சரி. விட்டுட்டுப் போங்க. எல்லாத்தையும் மாத்த வேண்டியிருக்கும்."

"மாத்திக்கங்க. ஆனா சத்தம் மட்டும் மாறக் கூடாது."

மேஸ்திரி கை துடைப்பதை நிறுத்தினார்.

"இதுக்கு முன்னால ரெண்டு பட்டறையில சொன்னேன்" என்றாள் விருமாயி. "ஒருத்தர் சிரிச்சாரு. ஒருத்தர் சரிம்மா, சரிம்மான்னாரு. எனக்கு அந்தச் சரியில நம்பிக்கை வரல."

"என்ன சத்தம் அது?"

அவள் யோசித்தாள். பிறகு பட்டறை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினாள். மூன்று தட்டு ஒரே சீராக. நான்காவது கொஞ்சம் தயங்கி வந்தது.

"நொண்டிக்கிட்டு நடக்குற ஆளு மாதிரி இருக்கும். மலையில எத்தன ஜீப்பு ஏறுனாலும் அவரோடது எதுன்னு எனக்குத் தெரியும். கீழ் வளைவு திரும்புறப்பவே தெரியும்."

"போன்ல பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

"தினம் வர்ற சத்தத்த யாரு தம்பி பிடிச்சு வைப்பா."

மேஸ்திரி ஜீப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"நான் செஞ்சு தர மாட்டேன்கா" என்றார். "நீங்க செய்யுங்க. நான் சொல்லித் தர்றேன்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"அந்தச் சத்தம் உங்களுக்குத்தான தெரியும்."

அப்படித்தான் விருமாயி அவருக்குச் சிஷ்யையானாள். கீழே தங்கச்சி வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் பட்டறைக்கு வருவாள். போல்ட்டு கழற்றினாள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவினாள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கின்மேல் அடுக்கி வைக்கக் கற்றாள். பிஸ்டனை முதன்முதலில் கையில் எடுத்தபோது, இவ்வளவு சின்னதா என்று கேட்டாள். அவள் அதைத் துடைத்து வைத்தாள்.

ஒரு நாள் மேஸ்திரி கேம் ஷாஃப்ட்டை உருவி அவள் கையில் கொடுத்தார். நீளமான இரும்புத் தண்டு. அதன் உடம்பில் வரிசையாக முட்டை முட்டையாகப் புடைப்புகள். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு புடைப்பும் ஒரு வால்வைத் தள்ளித் திறக்கும். புடைப்பு தாண்டியதும் ஸ்பிரிங் அந்த வால்வைத் திரும்ப மூடும்.

"தடவிப் பாருங்க" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. எல்லாம் முட்டையாக இருக்க, அது மட்டும் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தது.

"மூணாவது சிலிண்டர்" என்றார் மேஸ்திரி. "வால்வு பாதிதான் திறந்திருக்கு. அதான் அந்தத் தயக்கம்."

விருமாயி அந்த மழுங்கிய இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அப்ப சத்தம் இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான்."

"எத்தன வருசமா தேஞ்சிருக்கும்?"

"ஒரு நாள்ல தேயாது."

அவள் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. மாலையில் கேட்டாள்.

"தம்பி, மத்ததெல்லாம் புதுசு போட்டுட்டு இத மட்டும் அப்படியே போட்டுட்டா என்ன? இந்த ஸ்பிரிங்கையும். அவரு கை பட்டது."

மேஸ்திரி எழுந்து போனார். பெட்டியிலிருந்து ஒரு புது ஸ்பிரிங்கை எடுத்தார். சாக்கின்மேல் இருந்த பழைய ஸ்பிரிங் ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் தலைக்குத் தலை வைத்து, நடுவில் ஒரு தகட்டைக் கொடுத்து, வைஸில் பிடித்தார்.

"திருகுங்க."

அவள் கைப்பிடியைத் திருகினாள். இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் பழையது சுருண்டு ஒட்டிக்கொண்டது. புதியது கொஞ்சம்தான் அமுங்கியிருந்தது.

"வால்வு வெளிய போனா திரும்பி வரணும்" என்றார். "அதக் கூட்டிட்டு வர்றது இது. இதுக்குத் தெம்பு இல்லேன்னா வால்வு திறந்தபடியே நிக்கும். பிஸ்டன் வந்து இடிக்கும். வளைவுல ஆளோட போறப்ப இடிச்சா என்னாகும்னு நான் சொல்லணுமா?"

விருமாயி வைஸைத் தளர்த்தினாள். பழைய ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"அப்ப என்ன ஷாஃப்ட்டு போடுறது?"

"மதுரைக்குப் போய்ட்டு வாங்க. உங்களுக்கு எது வேணும்னு தோணுதோ அத வாங்கிட்டு வாங்க."

மதுரையில் ஒரு உதிரிபாகக் கடையில் அவள் தன் கதையைச் சொல்லவில்லை. மேசைமேல் தட்டி மட்டும் காட்டினாள். மூன்று தட்டு, பிறகு தயங்கிய ஒன்று. கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். ஃபோனை எடுத்து ஒரு வண்டி நின்ற இடத்தில் உறுமுகிற வீடியோ ஒன்றைப் போட்டார். மண்ணில், சேற்றில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் போடுகிற, புடைப்புகள் உயரமான கேம் ஷாஃப்ட் அந்த வண்டியில் இருந்தது. வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும். அதனால் வண்டி நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாது, விட்டு விட்டு ஓடும்.

விருமாயி கடை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

கடைக்காரர் போட்டார். அதே நடை. அதே நொண்டல். கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஷாஃப்ட்டையும் அதற்கென்று இருந்த கடினமான ஸ்பிரிங்குகளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பஸ் வழி நெடுக அவள் தொடைமேல் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

மேஸ்திரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல சரக்கு" என்றார்.

"போடலாமா?"

"போடுங்க."

"சரியா இருக்குமா?"

"போட்டுப் பாருங்க."

எஞ்சினைக் கட்டி முடித்து ஜீப்பில் ஏற்ற அவளுக்கு நாள் பிடித்தது. மேஸ்திரி பக்கத்தில் நின்றார். அவள் தப்பாக வைத்தபோது மட்டும் இருமினார். கடைசியில் ஒரு முற்பகலில் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. நின்றது. மறுபடி பிடித்தது.

அவள் இறங்கி வந்து, திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஓட்டத்தைக் குறைத்தாள். வேகம் இறங்க இறங்க அந்த நடை வந்தது. மூன்று தட்டு. பிறகு தயங்கிய ஒன்று.

"இதான் தம்பி" என்றாள். "இதேதான்."

மேஸ்திரி தலையசைத்தார். பிறகு பட்டறைக்குப் பின்னால் போய் மணல் மூட்டைகளைத் தூக்கி வந்து ஜீப்பின் பின்னால் அடுக்க ஆரம்பித்தார். பத்துப் பேர் எடை வரும்வரை அடுக்கினார்.

"எதுக்கு?"

"நெல்லிப்பாறை ஆளுக."

அவர் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சமதளத்தில் ஜீப் பறந்தது. விருமாயி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலை தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் அவள் கியரைக் குறைத்தாள். வேகம் விழுந்தது. கால் முழுக்க அழுத்தியும் எஞ்சின் இழுக்கவில்லை. இரண்டு முறை தும்மியது. நின்றது.

ஜீப் பின்னோக்கி நகர்ந்தது. அவள் பிரேக்கின்மேல் ஏறி நின்றாள். கைப்பிரேக்கையும் இழுத்தாள். மணல் எடையில் சக்கரம் இன்னும் வழுக்கியது. மேஸ்திரி குதித்து ஒரு கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்தார்.

கீழே போடியின் கூரைகள் தெரிந்தன.

"நான் கியரு மாத்துனது தப்பா?"

"இல்ல."

"இன்னும் வேகமா வந்திருந்தா இழுத்திருக்கும்ல?"

"இழுத்திருக்கும். இந்தக் கேமு வேகத்துலதான் வேலை செய்யும்."

"அப்ப வேகமா வர்றேன்."

மேஸ்திரி வளைவின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே சுவர் இல்லை. விருமாயியும் பார்த்தாள். பிறகு அவள் இறங்கிப் போய் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டோரம் வைத்தாள். அவர் உதவப் போனபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் ஸ்பேனரை எடுத்தாள்.

"பிரிச்சிர்றேன்."

"நாளைக்குப் பிரிக்கலாம்கா" என்றார் மேஸ்திரி. "இன்னைக்கு ஓடட்டும்."

அவர் லேத்தை நிறுத்தினார். காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்தினார். வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

விருமாயி எஞ்சினை ஓடவிட்டாள். ஒரு டயரின்மேல் உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்து பட்டறைக்குள் வந்தது. சென்றாயன் வருகிற நேரம்தான் அது. சத்தம் நடந்தது, தயங்கியது, நடந்தது. அவள் கண்ணை மூடினாள். வீட்டு வாசல் வந்தது. எதிரே தேயிலைச் சரிவு வந்தது. அவன் வளைவு திரும்பும்போது அடிக்கிற லைட்டு வெளிச்சம்கூட வந்தது.

மேஸ்திரி திரும்பி வந்தபோது எஞ்சின் நின்றிருந்தது. அவள் அதே டயரில் உட்கார்ந்திருந்தாள்.

"டீசல் தீந்துருச்சா?"

"நான்தான் அணைச்சேன்."

அவர் காத்திருந்தார்.

"அந்தச் சத்தந்தான் தம்பி. ஒரு கொறையும் இல்ல" என்றாள். "ஆனா அங்கயே நிக்குது. கிட்ட வர மாட்டேங்குது."

மேஸ்திரி அவளுக்கு வாங்கி வந்த டீயைக் கொடுத்தார். அது ஆறியிருந்தது. அவள் குடித்தாள்.

மறுநாள் அவளே பிரித்தாள். உயரமான ஷாஃப்ட்டைத் துடைத்து, எண்ணெய் பூசி, காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அந்த ஜீப்புக்கென்றே செய்த சாதாரண ஷாஃப்ட் ஒன்றை மேஸ்திரி வரவழைத்திருந்தார். அதைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி முட்டை. எங்கேயும் விரல் நிற்கவில்லை.

"ஸ்பிரிங்கு எது?" என்று கேட்டாள்.

மேஸ்திரி மூன்றை வைத்தார். பழையது ஒன்று, மதுரையில் வாங்கிய கடினமானது ஒன்று, சாதாரணமானது ஒன்று.

"நீங்க சொல்லுங்க."

பழையது அவள் உள்ளங்கைக்கு உடனே இணங்கியது. கடினமானதை இரண்டு கையாலும் அழுத்தினாள். அசையவில்லை.

"இதப் போட்டா இன்னும் பத்திரந்தான? வால்வு கட்டாயம் திரும்பி வந்துரும்."

"வந்துரும்."

"அப்புறம் என்ன?"

"அது அழுத்துறது பூராவும் கேமு மேலதான் விழும். புதுக் கேமும் சீக்கிரம் தேஞ்சிரும்."

விருமாயி அந்த ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தேஞ்சா அந்தச் சத்தம் தானா வந்துரும்ல?"

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பட்டறைக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். மேஸ்திரியும் சிரித்தார்.

"வரும்கா. அப்புறம் மறுபடியும் இங்க வருவீங்க."

அவள் கடினமானதை ஒதுக்கி வைத்தாள். பழையதையும் ஒதுக்கினாள். சாதாரண ஸ்பிரிங்கை எடுத்து ஒரு முறை அமுக்கினாள். அது அமுங்கியது. விட்டதும் அவள் கையை மெல்லத் தள்ளியது.

"இது போதும்" என்றாள்.

மேஸ்திரி இருமவில்லை.

ஜீப் மறுபடி ஓடியபோது சத்தம் ஒரே சீராக இருந்தது. தயக்கம் இல்லை, நொண்டல் இல்லை. விருமாயி காதைச் சாய்த்து அதைக் கேட்டாள். யார் வீட்டு வண்டியோ வந்து நிற்பது போல இருந்தது அவளுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு மணல் மூட்டைகளை அவளே ஏற்றினாள். முதல் வளைவில் ஜீப் நிதானமாக ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் மூட்டைகளை இறக்கிவிட்டு, போடிச் சந்தையில் காத்திருந்த நெல்லிப்பாறை ஆட்களை ஏற்றிக்கொண்டு அவள் மலையேறினாள். மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. கைகூப்ப வந்தவளை அவர்தான், "பொழுது போகுது, கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டார். எஞ்சின் மேல்மூடியின் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும், வாரம் கழித்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வாரம் கழித்து வந்தாள். நன்றாக ஓடுகிறது என்றாள். மூட்டைகளோடு நடந்த சனங்கள் இப்போது நடப்பதில்லை என்றாள். போல்ட்டை அவளே இறுக்கினாள். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தாள். எல்லாம் முடிந்த பிறகும் கிளம்பவில்லை.

"என்னக்கா?"

"வீடுதான் தம்பி" என்றாள். "வெளக்கப் போட்டுட்டு உக்காந்தா, காது தானா கீழ் வளைவுக்குப் போகுது. வண்டி வாசல்லதான் நிக்குதுன்னு தெரியுது. இருந்தும் போகுது."

மேஸ்திரி ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சத்தத்த இனி எங்க கேக்குறது?"

அவர் அடுத்த ஸ்பேனரை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ நினைவு வந்தவள் போலச் சொன்னாள்.

"முதல் நாள் மேல போய்ச் சேர்ந்தப்ப ஊரே ரோட்டுல வந்து நின்னுச்சு. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி கையில சோத்துத் தட்டோட நிக்கிறா. நான் வர்றது எப்படிடி தெரியும்னு கேட்டேன். என்னக்கா இப்படிக் கேக்குற, கீழ் வளைவுலயே உன் சத்தம் கேட்டுச்சேங்கிறா. இப்பல்லாம் தினமும் அப்படித்தான். கீழ எத்தன ஜீப்பு சத்தம் கேட்டாலும் என்னோடது எதுன்னு அவளுக்குத் தெரியுமாம்."

"ம்."

"என் சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டேன். சொல்லத் தெரியல அவளுக்கு. நானும் வர்றப்பல்லாம் காதக் குடுத்துப் பாத்துட்டேன். வளைவு, கியரு, பின்னால உக்காந்திருக்கிறவுக பேச்சு. எனக்கு ஒண்ணுமே கேக்கலியே தம்பி."

மேஸ்திரி கடைசி ஸ்பேனரைத் தொங்கவிட்டார்.

"வர்றவங்களுக்கு அது கேக்காதுக்கா" என்றார். "காத்திருக்கிறவங்களுக்குத்தான் கேக்கும்."

விருமாயி அவரைப் பார்த்தபடி நின்றாள்.